இலங்கைத்துறைக்கு ஒரு தனி வரி

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் விடாமல் வாசிக்கிற ஆள் திருகோணமலை டவுனில் ஒருத்தி இருந்தாள் என்றால் அது புஷ்பவதிதான். சவர்க்கார உறை, மருந்துச் சீட்டு, தண்ணீர் பில்லின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் விதிமுறை, எதையும் விடமாட்டாள். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் முகவர் கந்தோரில் பதினான்கு வருடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள். மற்றவர்களுக்குத் தலையிடி தருகிற சுங்கத் தீர்வைப் புத்தகத்தை மத்தியானச் சோற்றுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வாள். ஈர இறாலுக்கு ஒரு வீதம், காய்ந்த இறாலுக்கு இன்னொரு வீதம். காயும்போது எந்த நேரத்தில் அது மாறுகிறது என்று ஒருநாள் பெரிய கிளாக்கரிடம் கேட்டாள். அவர் வேலையைப் பார்க்கச் சொன்னார். இப்படி வாங்கிக் கட்டியது கொஞ்சநஞ்சமில்லை, ஆனாலும் கேட்கிறதை அவள் நிறுத்தவில்லை.

கப்பல்கள் குறைந்தன, கந்தோரைப் பூட்டினார்கள். நாற்பத்தொரு வயதில் புஷ்பவதி மத்திய வீதியில் ஸைனுலாப்தீனின் கடைக்கு வேலைக்கு வந்தாள். பாத்திரம், கதிரை, அலுமாரி, பால்மா, புடைவை எல்லாம் விற்கிற கடை. ஸைனுலாப்தீன் கிண்ணியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், புஷ்பவதி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர். புதிதாக எதைக் கண்டாலும் அதில் கைவைத்துப் பார்க்காவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. 2006 தொடக்கத்தில் அவருக்கு இணையக் கடை ஆசை பிடித்தது. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கேயிருந்தே காசு கட்ட, இங்கே தாய் தகப்பன் வீட்டு வாசலில் சாமான் வந்து இறங்க வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வரியை மட்டும் நீங்களே நிரப்ப வேண்டும், அது இடத்துக்கு இடம் வித்தியாசப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸைனுலாப்தீன் அந்தப் பக்கத்தைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், கதிரையை விட்டு எழும்பினார்.

"தங்கச்சி, இது ஒங்கட வேல. எனக்கு இதப் பாத்தா தல சுத்துது."

புஷ்பவதிக்கோ நாக்கில் நீர் ஊறியது.

அந்தப் பக்கத்தில் ஐந்து பெட்டிகள் இருந்தன. நாடு, மாகாணம், சாமான் வகை, வீதம், வரியின் பெயர். முதல் நிரையை மென்பொருள் செய்தவர்களே உதாரணத்துக்கு நிரப்பி வைத்திருந்தார்கள்: அமெரிக்கா, புளோரிடா, ஏழு வீதம். அவள் உலகப் படத்தை எடுத்துப் புளோரிடாவைத் தேடிப் பிடித்தாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த ஊரிலும் ஒரு மனுசி கதிரை வாங்கும்போது வரியைப் பார்த்து முணுமுணுப்பாள் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் அந்த நிரையை அழித்தாள்.

அடுத்த கேள்வியை மென்பொருளே கேட்டது. வாங்குகிறவர் இருக்கிற இடத்து வரியா, பொருள் போய்ச் சேருகிற இடத்து வரியா? புஷ்பவதி இரண்டு நாள் இதை யோசித்தாள். மகள் கனடாவில் காசு கட்டுகிறாள், கதிரை குச்சவெளியில் இறங்குகிறது. அப்படியானால் வியாபாரம் எங்கே நடந்தது? கணக்காளருக்குக் கோல் எடுத்துக் கேட்டதற்கு, பொருள் இறங்குகிற இடத்தையே போடும்படி சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். அவரும் என்ன செய்வார், அது அவளுடைய ஐந்தாவது கோல். நாடு முழுவதற்கும் வற் என்கிற பெறுமதி சேர் வரி பதினைந்து வீதம் என்று ஒரே நிரையில் வேலை முடிந்தது. மாகாணப் பெட்டி வெறுமையாகக் கிடந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வரி மாறுகிறதாம், இங்கே அப்படி ஒன்றும் இல்லையே.

இருக்கிறது என்பதை லொறிக்காரத் தம்பிராசா வந்து சொன்னார்.

குச்சவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் சாமான் ஏற்றிப் போய் இறக்குவதில் அவருக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இலங்கைத்துறைக்குப் போன முதல் நடையில்தான் முகம் வாடித் திரும்பினார். அந்த ஊர் அரசாங்கத்தின் எல்லைக்கு அப்பால், இயக்கத்தின் கையில் இருந்தது. அங்கே கனகம்மா என்ற தனி மனுசிக்கு மகள் கனடாவிலிருந்து நாலு கதிரை அனுப்பியிருந்தாள். வீட்டில் இருந்ததையெல்லாம் போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் கடல் கொண்டு போயிருந்தது.

"கதிரையைக் கண்டு மனுசி அழுதிட்டா, பிள்ளை. சந்தோசத்தில எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கினது. அந்தப் பக்கத்துச் சாவடியில வரி கட்டினனானெல்லோ, அதைக் கேட்டனான். அவவிட்ட காசில்ல. பக்கத்து வீட்டில மாறித் தந்தவ."

புஷ்பவதிக்கு மனம் சுட்டது. மகள் அனுப்பிய பரிசை வாங்கத் தாய் கடன்படுவதா? ஆனால் அவளுடைய மூளை அதற்குள் வேறொரு பக்கம் ஓடிவிட்டது.

"எத்தனை வீதம் எடுக்கினம், அண்ணை?"

"சாமானுக்குச் சாமான் வேற. கதிரைக்கு ஒண்டு, சோப்புக்கு ஒண்டு. பால்மாவுக்கும் மருந்துக்கும் இல்ல."

"வற் போட்ட விலையில எடுக்கினமா, போடாத விலையிலயா?"

தம்பிராசா அவளை ஒருமாதிரிப் பார்த்தார். "அதை நான் கேக்கேல்ல."

"அடுத்த முறை கேட்டுக்கொண்டு வாங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு போனாலும் மனுசன் கேட்டுக்கொண்டுதான் வந்தார். விசுக்கோத்துப் பெட்டி மட்டை ஒன்றின் பின்பக்கத்தில் முழு விபரமும் எழுதியிருந்தது. அலுமாரிக்கு எட்டு வீதம், வற் போடாத விலையில். புஷ்பவதி ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து அதைத் தட்டி ஏற்றினாள். மாகாணப் பெட்டியில் 'இலங்கைத்துறை' என்று புதிதாக ஓர் இடத்தை உண்டாக்கினாள். வரியின் பெயரைக் கேட்டது, 'இலங்கைத்துறை வரி' என்று போட்டாள். அது யாருடைய வரி, எந்தச் சட்டம், எந்தக் கொடி என்று மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புளோரிடாவை எப்படி ஏற்றதோ அப்படியே இலங்கைத்துறையையும் ஏற்றுக்கொண்டது. இனி மகள் கனடாவில் கட்டுகிற காசிலேயே எல்லாம் அடங்கிவிடும், கனகம்மா கைநீட்டி ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. அவளுக்கு அன்றைக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஸைனுலாப்தீனிடம் சொன்னபோது அவர் புடைவை அளந்தபடி, நல்லம் நல்லம் என்றார்.

பில் ஒன்று சாமானோடு கூடவே போகும் என்பதும், டவுனுக்கும் இலங்கைத்துறைக்கும் நடுவே ஆமிச் சாவடி ஒன்று இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். எவர் கையில் எந்தத் துண்டைக் கண்டாலும் வாசிக்கிற புஷ்பவதிக்கு, தான் எழுதியதையும் ஒருவர் வாசிப்பார் என்பது மட்டும் உறைக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு மூதூரிலிருந்து கோல் வந்தது. கனகம்மாவுக்கு அலுமாரி ஏற்றிப் போன தம்பிராசாவை சாவடியில் லொறியோடு மறித்து வைத்திருக்கிறார்கள், பில்லில் ஏதோ பிழையாம். அந்த நாட்களில் பேப்பரில் சமாதானம் இருந்தது, தெருவில் இல்லை. உள்ளே போன ஆள் பின்னேரம் வருவாரா, பிறகு எப்போதாவது வருவாரா என்று ஒருவரும் சொல்ல ஏலாது. தம்பிராசாவுக்கு மூன்று பிள்ளைகள்.

ஸைனுலாப்தீன் பில்லின் பிரதியை எடுத்து அப்போதுதான் முழுவதையும் வாசித்தார். 'இலங்கைத்துறை வரி' என்ற நிரையில் விரலை வைத்தார்.

"நான் போறன் தங்கச்சி. நீங்க கடையப் பாருங்க."

"எழுதினது நான், நானா. நான்தான் வரவேணும்."

இருவரும் மூதூருக்கு லோஞ்ச் படகு ஏறினார்கள். அங்கிருந்து ஓட்டோ. வழி முழுக்கப் புஷ்பவதி பதில்களை அடுக்கிக்கொண்டே போனாள். பட்டியலை வாங்கி வந்தவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? தம்பிராசா என்றால் அவர் அந்தப் பக்கத்து ஆள் ஆகிவிடுவார். பட்டியலைக் காட்டிக் கொடுத்தால் அந்தப் பக்கத்தில் அவருக்கு இனி உயிர் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பட்டியல் இருக்கவே கூடாது.

சாவடியில் தம்பிராசாவைச் சேட்டில்லாமல் வெயிலில் இருத்தியிருந்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, மேசையில் பில்லை விரித்து வைத்துக்கொண்டு இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். கண்ணாடி போட்டவர், மெதுவாக, சொல் சொல்லாகத் தமிழ் பேசினார்.

"அரசாங்க வரி பதினைந்து. சரி. இது எட்டு. இது யாருடைய வரி?"

ஸைனுலாப்தீன் புஷ்பவதியைத் திரும்பிப் பார்த்தார்.

"மற்றச் சாமான்களுக்கும் இருக்கிறதா? லிஸ்ட் இருக்கிறதா? யார் தந்தது?" அதிகாரி ஜன்னலால் வெளியே தம்பிராசாவைப் பார்த்தார்.

"எனக்கு விளங்கேல்ல, சேர்," என்றாள் புஷ்பவதி.

"என்ன விளங்கவில்லை?"

"அந்தக் கொம்பியூட்டர். லொறிக் கூலியை எந்தப் பெட்டிக்குள்ள போடுறதெண்டு தெரியேல்ல. பேர் கேட்டுது, போற ஊரின்ர பேரைப் போட்டன். அது வரிப் பெட்டி எண்டு எனக்குத் தெரியாது."

அதிகாரி அவளுடைய நூல் சீலையையும் குடையையும் பார்த்தார். "எவ்வளவு படித்தது?"

"எட்டாம் வகுப்பு, சேர்."

ஸைனுலாப்தீன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "பாவம், சேர். இந்தப் பொம்புளைக்கு ஒண்டும் தெரியா."

அதிகாரி நம்பிவிட்டார். லோஞ்சில் அடுக்கி வைத்த மற்றப் பதில்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. கந்தோரில் பதினான்கு வருடம் வாங்கிய ஏச்சையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு நொந்திராது, அந்த மனுசன் இத்தனை லேசாக நம்பியது அவளுக்கு அப்படி வலித்தது.

அவர் இளகியும் போனார். பழைய பில்லைக் கிழித்துப்போட்டு, வெள்ளைத்தாள் ஒன்றைத் தந்து, இங்கேயே புதிதாக எழுது என்றார். புஷ்பவதி எழுதினாள். எட்டாம் வகுப்புக்காரி எழுதுவதற்கேற்ப எழுத்தைக் கோணலாக்கினாள். அலுமாரி, வற் வரியோடு பதினோராயிரத்து ஐந்நூறு ரூபா. இலங்கைத்துறைக்குப் போன எண்ணூறையும் லொறிக் கூலிக்குள் அடக்கினாள். வற் வரி எவ்வளவு என்று தனியாகக் காட்ட வேண்டிய இடத்தில் பேனையை நிறுத்தித் தலையைச் சொறிந்தாள். அதிகாரி சிரித்துக்கொண்டு பேனையை வாங்கினார்.

"அம்மா, இது லேசு. பாருங்கோ. பதினோராயிரத்து ஐந்நூறு. அதில் பதினைந்து வீதம். ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்து. விளங்கியதா?"

பிழை. பத்தாயிரம் ரூபா அலுமாரிக்கு வரி ஆயிரத்து ஐந்நூறு. வரி ஏற்கெனவே ஏறிய விலையில் திரும்ப வீதம் எடுத்தால் வரிக்கும் வரி போட்டதாகிவிடும். இதை அவள் நித்திரையிலும் சொல்வாள். வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தம்பிராசா கண்ணில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்தார்.

"ஓம் சேர், விளங்குது," என்றாள். அவர் சொன்ன தொகையைத் தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தாள்.

தம்பிராசாவுக்குச் சேட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் லொறியில் ஏறி, அலுமாரியோடு இலங்கைத்துறைப் பக்கமாகப் போனார். பின்னேரம் அவர் பத்திரமாகத் திரும்பிவிட்டார் என்ற செய்தி மூதூர்த் துறையடியில் காத்திருந்த அவர்களுக்குக் கிடைத்தது. கனகம்மா ஒரு சதமும் கொடுக்கவில்லையாம், அலுமாரிக் கதவைத் திறந்து திறந்து பூட்டிப் பார்த்தாவாம்.

கடைசி லோஞ்சில் ஸைனுலாப்தீன் ஆறுதலாக மூச்சு விட்டார். பக்கத்தில் பார்த்தால் புஷ்பவதி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு தங்கச்சி? அதான் ஆள் வந்திட்டாரே. நான் ஒண்டும் தெரியாண்டு சொன்னதுக்கா? மன்னிச்சிக்கங்க."

"அதுக்கில்ல, நானா," என்றாள் புஷ்பவதி. "இருநூற்றிருபத்தைஞ்சு ரூபா பிழை. நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்."