மாரிமுத்து போடும் ஊசி

நோயாளியே தன் ஊசியைப் போடப் பழக வேண்டும் என்று தாதியியல் மாணவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் ஆய்வும் அதைப் பற்றியதுதான்.

அதற்காகவே இலங்கையின் கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், செல்லம்மாவைச் சந்தித்தேன். சர்க்கரை நோய்க்கான இன்சுலினை அவருக்குக் கணவர் மாரிமுத்துதான் போட்டுவிட்டார். குளிரில் விறைத்த விரல்களை அடுப்பில் காட்டிச் சூடேற்றிய பிறகே மனைவியைத் தொட்டார்.

அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும், “நீங்களே போடுறதுக்குப் பழக்கிவிடவா?” என்றேன்.

செல்லம்மா சிரித்தார். “வார்டுல இருந்தப்பவே பழகிட்டேன் மிஸ். வேலைய விட்டு நின்னதுல இருந்து இந்த மனுசன் ஒடிஞ்சு போயிட்டாரு. இப்ப இந்த ஊசிக்காகத்தான் காலையில எந்திரிக்கிறாரு. சொல்லிறாதீங்க.”

மாரிமுத்து குடத்தோடு வந்தார். நான் வந்த காரணம் அவருக்கும் தெரியும். “இவ பழகிருவாளா மிஸ்?” குரலில் ஆசையைவிடப் பயம்தான் அதிகம்.

செல்லம்மா என்னையே பார்த்தார்.

“கஷ்டந்தான். நீங்களே போட்டுவிடுங்க.”

“நான் அப்பவே சொன்னேன், இவளுக்குக் கை நடுங்கும்னு!” மாரிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் சொன்னது பொய்தான். ஆனால் அந்த வீட்டில் சிகிச்சையைத் தீர்மானித்தவர் நோயாளி. நான் அவர் சொன்னபடி கேட்டேன்.