கயிற்றில் கட்டிய முறுக்கு

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பண்டிகைக்குச் சொந்த ஊர் போகாமல் தங்கிவிடும் குடும்பங்கள் சாயங்காலத்தில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் கூடும். கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் விளையாட்டு வைப்பார்கள், பரிசு கொடுப்பார்கள், கடைசியில் பலகாரம். எல்லாரும் மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று எங்கெங்கிருந்தோ சுரங்க வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும். நாற்காலியைச் சுற்றி ஓடுவதற்குப் பேச்சு எதற்கு?

நாங்கள் மட்டும்தான் பக்கத்து ஊர்க்காரர்கள். அப்பா கான்ட்ராக்டில் மண் சுமந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தீபாவளிக்கு எதிர்வீட்டில் விளையாட்டு வைத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் பன்னை வாயாலேயே கவ்வித் தின்ன வேண்டும். பிள்ளைகள் மூக்கில் பன் இடிப்பதைப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காணும் பொங்கலுக்கு நம் வீட்டில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காரணம் சொல்லாமல் முனகிக்கொண்டிருந்தார்.

"எல்லார் வூட்லயும் போயி ஆடிக்கினு வரோம். நம்ம வூட்டுக்கும் நாலு பேரு வரட்டுமே" என்றாள் அம்மா.

காணும் பொங்கலன்று தனக்கு இரண்டாம் ஷிப்ட், சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டாம் என்பதில் அப்பாவுக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவுக்கு எதையும் பாந்தமாகச் செய்ய வேண்டும். எதிர்வீட்டைப் போல மந்தாரக்குப்பம் கடையில் பன் வாங்கிக் கட்டியிருந்தால் தீர்ந்தது. கடைப் பன்னை விருந்தாளிக்குக் கொடுப்பதா என்று, முதல் நாளே அரிசி இடித்து, உள்ளங்கை அகலத்துக்கு முறுக்கு சுட்டாள். பரிசுக்கு ரிப்பன், சீப்பு, ஒரு சோப்பு டப்பா. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. மற்றவற்றை அவரவரே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் நாற்காலி ஆட்டம். தம்பி தாம்பாளத்தைத் தட்ட, பெரியவர்களும் சேலையைச் செருகிக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டு அத்தை உட்கார இடமில்லாமல் தரையில் விழுந்து, அம்மாவின் கையைப் பிடித்து எழுந்து சிரித்தார். பிளாக்கில் எல்லாப் பெண்களும் எங்களுக்கு அத்தைதான்.

பக்கத்து வீட்டு அத்தையுடன் அவருடைய அக்கா வந்திருந்தார். குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்டவர், பொங்கலுக்கு விருந்தாளி. மற்றவர்களுக்கு எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவருக்குத் தெரியும். அம்மாவின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"முத்தாண்டிக்குப்பம் பக்கங்க."

"ஊர்லயா, காலனியா?"

அம்மா முறுக்கைக் கயிற்றில் கோத்துக்கொண்டே, "காலனிதாங்க" என்றாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் மறைக்க மாட்டேன் என்று சொன்னாளா? கடைசிவரை நான் கேட்கவில்லை.

அந்த அம்மாள் தங்கையின் காதில் ஏதோ சொன்னார். தங்கை அடுத்தவரிடம் சொன்னார். அது அப்படியே நாற்காலி நாற்காலியாக நகர்ந்து போயிற்று. பிள்ளைகள் நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி கயிற்றடியில் வரிசையாக நின்றோம். அம்மா எண்ணத் தொடங்கும்போதுதான் அவரவர் பிள்ளையைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு வயிறு சரியில்லை என்பது அவள் அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது. ஒருவனுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. இன்னொரு வீட்டில் அடுப்பில் பால் இருந்தது. எதிர்வீட்டு அத்தை மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நேரமாச்சுங்க" என்று மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நாற்காலிகளும் போயின. அம்மா கயிற்றின் முனையைப் பிடித்தபடியே நின்றாள்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சம் இருந்தது நானும் தம்பியும்தான். நான் முதலில் கடித்துவிட்டேன், பரிசு எனக்குத்தான் என்று குதித்தேன். அம்மா சோப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள், கையும் தட்டினாள். அத்தனை முறுக்கும் எங்களுக்கே என்று இரண்டு பேரும் கும்மாளம் போட்டோம்.

மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தேன். வீட்டுக்கு வீடு நாற்காலிகள் ஈரத்தோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அத்தை தேங்காய் நாரால் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் முடிந்தால் நாற்காலி கழுவுவது ஒரு வழக்கம் போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே ஓடினேன்.

"எல்லாரும் நாற்காலி கழுவறாங்கம்மா. நாம மட்டும் கழுவல."

அம்மா எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு உடம்பு முடியவில்லை போலும் என்று நானே நாற்காலியை வாசலுக்கு இழுத்து வந்தேன். தண்ணீர் மொண்டு ஊற்றி, ஒவ்வொரு காலாகத் தேய்த்து, எல்லாரும் பார்க்கும்படி வெயிலில் வைத்தேன். இனிமேல் பிளாக்கில் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.