கண்டனூர் ஆச்சியின் ஊக்குகள்

நூலக மேசையின் இழுப்பறையில், பழைய மாத்திரை டப்பா ஒன்றில் கொஞ்சம் ஊக்குகள் வைத்திருக்கிறேன். புடவை மடிப்புக்குக் குத்துகிற சாதாரண ஊக்குகள்தான், ஒன்றிரண்டு துருவேறிவிட்டன. தையல் டீச்சர் அவசரத்துக்குக் கேட்டால்கூட அதிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வராது. ஒரு காலத்தில் நாவல்களின் பக்கங்களைப் பூட்டி வைத்திருந்த ஊக்குகள் அவை.

காரைக்குடியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஜன்னலோரமாக ஓர் அலமாரி நிறைய நாவல்கள் சேர்த்திருந்தேன். அந்த வயதுப் பிள்ளைக்கு நாவல் எடுத்துக் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நல்ல புத்தகம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கையால் தொட மாட்டார்கள். அழ வைக்குமா, பேய் வருமா, கடைசியில் சேர்ந்துவிடுவார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். வீட்டில் கேட்க முடியாத எதையோ தேடித்தான் வருகிறார்கள் என்று எனக்குப் படும். அது என்னவென்று அவர்களுக்கே தெரியாது. தலைமையாசிரியைக்கோ அந்த அலமாரியைக் கண்டாலே ஆகாது. ஏற்கெனவே ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். இன்னொரு புகார் வந்தால் நாவல்களை மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தேர்வு வழிகாட்டிகளை அடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

அந்தச் சமயத்தில்தான் கண்டனூர் ஆச்சி வந்தார். நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு நாற்பதுகூட இருக்காது. கணவருக்குக் கோயம்புத்தூரில் வியாபாரம். பங்காளிகள் கல்யாணம் காட்சிக்கு மட்டும் வந்துபோகிற பெரிய வீட்டில், ஆச்சியும் பதினொன்றாம் வகுப்பு மகளுமாக இருந்தார்கள். மகள் எடுத்துப்போன நாவல் ஆச்சியின் கையில் இருந்தது. நடுவில் சில தாள்களைச் சேர்த்து ஒரு ஊக்குக் குத்தியிருந்தது. வளையலில் இன்னும் நாலைந்து ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"கதை நல்லாத்தான் இருக்கு டீச்சர். இந்த எடம் மட்டும் பிள்ளைக படிக்கிற மாதிரி இல்ல. இனிமே அவ கொண்டாந்தா நான் மொதல்ல படிச்சு, வேண்டாத எடத்துல ஊக்குப் போட்டுக் குடுத்து விடுறேன். நீங்க யாரும் கழட்டாமப் பாத்துக்கிட்டீகன்னா, நான் பெரிய டீச்சர்கிட்டப் போக மாட்டேன்."

தேர்த் திருவிழா நெரிசலில் ஒருவன் ஒருத்தியின் கையைப் பிடிக்கிற இடம் அது. அதற்குத்தான் இத்தனை பந்தோபஸ்து. அலமாரி தப்பித்ததே என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

பிறகு நடந்ததை ஆச்சியும் எதிர்பார்த்திருக்க மாட்டார், நானும் எதிர்பார்க்கவில்லை. ஊக்குப் போட்ட நாவலுக்கு அடிதடி. வருஷக்கணக்காக நான் தொண்டை வறளச் சிபாரிசு செய்தும் யாரும் சீண்டாத புத்தகங்கள், ஒரு ஊக்கு ஏறியதும் கை மாறிக் கை மாறிப் போயின. பிள்ளைகள் ஊக்கைக் கழற்றிப் படித்துவிட்டு, அதே ஓட்டையில் திரும்பக் குத்தி, ஒன்றும் தெரியாத முகத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். நான் பார்க்காததுபோல் இருந்துகொள்வேன். அந்த இரண்டு பக்கத்துக்காக முழுப் புத்தகத்தையும் படித்துவிடுகிறார்களே, எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வருஷம் தை மாதம் போல ஆச்சியின் மகள் எடுத்துப்போன நாவலில் காதலே கிடையாது. ஒரு குடும்பத்தின் கதை, அவ்வளவுதான். மறுவாரம் மத்தியான இடைவேளையில் அவள் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நடுவில் இரண்டு ஊக்குகள் குத்தியிருந்தன. "நான் படிச்சிட்டேன் டீச்சர். இதுல ஒண்ணுமே இல்லையே. அம்மா எதுக்கு ஊக்குப் போட்டாக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. கதையில் வரும் தாய் ஒருநாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போகிறாள். தெரியாத ஊரின் பஸ் ஸ்டாண்டில் பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மாவு கரைத்துத் தோசை ஊற்றுகிறாள். அதைத்தான் ஆச்சி பூட்டியிருந்தார். மகளிடம் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் போய் அம்மாவிடம் கேட்டால், பிள்ளைகள் ஊக்கைக் கழற்றுகிற சங்கதி வெளியே வந்துவிடும், ஆச்சி நேரே தலைமையாசிரியை அறைக்குப் போவார், அலமாரி மூட்டையாகிவிடும். இதெல்லாம் ஓடி முடிந்த பிறகும், பதிலைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை என்றுதான் தோன்றியது. புத்தகத்தை அவள் பக்கமே தள்ளி, "உங்க அம்மாகிட்டயே கேளு" என்றேன்.

அந்த வாரம் முழுக்க, கடைசியாகப் பார்ப்பதுபோல, நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை ஆச்சி வந்தார். தலைமையாசிரியை அறையைத் தாண்டி நேரே நூலகத்துக்கு வந்து, பிள்ளைகள் உட்கார்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த நாவலை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும் அப்படிப் போய் உக்காந்திருக்கீகளாம்மான்னு கேட்டா, டீச்சர்."

"என்ன சொன்னீக ஆச்சி?"

"ரெண்டு தடவைன்னு சொன்னேன்."

அதற்கு மகள் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லையாம். அடுத்த தடவை என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க என்றாளாம். இதைச் சொல்லும்போது ஆச்சி சிரித்தார்; கண் கலங்கியிருந்தது. சனிக்கிழமை இரண்டு பேருமாக நாட்டரசன்கோட்டைக்கு பஸ்ஸில் போய், கோயிலைக்கூட வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் பொழுது போகும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார்களாம். அப்புறம் அலமாரிக்குப் போய், தாம் போட்ட ஊக்குகளை ஒவ்வொரு நாவலாகத் தேடிக் கழற்றி என் மேசையில் வைத்தார். பக்கங்களில் ஓட்டை தளர்ந்திருந்ததைப் பார்த்து, "எல்லாம் படிச்சிட்டாளுகளா?" என்றார். ஆமாம் என்றேன். ரெண்டு பேரும் படிக்கிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்.

மகள் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். ஆச்சி மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், போகிற வழியில் படிக்க என்னிடம் நாவல் வாங்கிக்கொண்டு. வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் விதி. கொடுக்கிறேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனார் ஒருவர், மகள் எடுத்துப்போன நாவலை என் மேசைமேல் போட்டு, இதையெல்லாமா பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். முழுசாகப் படித்தீர்களா என்றேன். புரட்டிப் பார்த்ததாகச் சொன்னார். இழுப்பறையைத் திறந்து, டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன். மகள் எதைப் பார்க்கக் கூடாது என்று தோன்றுகிறதோ அங்கே ஊக்குப் போட்டுக் கொடுத்துவிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இரண்டு ஊக்குகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாவலோடு போனார்.