ஒயர் அக்காவின் கை

கடுகளவு படிகத்தில் தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பிகளை ஒட்டுவதுதான் ஆய்வுக்கூடத்தில் ஒயர் அக்காவின் வேலை. அன்று ஒரு புதிய காந்தப் படிகத்தை அளந்தார்கள். வெளியிலிருந்த மின்காந்தத்தை அணைத்த பிறகும், மின்சாரம் ஓடும் திசைக்குக் குறுக்கே மின்னழுத்தம் இருப்பதாக மீட்டர் காட்டியது.

"கம்பியைக் கோணலா ஒட்டிட்டீங்களோ?" என்றார் பேராசிரியர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "இருக்கலாம் சார். மின்காந்தத்தை எதிர்த்திசையில போட்டு, அணைச்சுட்டு அளந்து பாருங்க. என் கோணல்னா இப்ப வந்த கூட்டல் குறி கூட்டலாவே இருக்கும்."

அளந்தார்கள். அதே எண், கழித்தல் குறியோடு வந்தது. படிகத்தின் சொந்தக் காந்தம்தான் மின்சாரத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கியிருக்கிறது.

"தப்பா கேட்டுட்டேன்மா," என்றார் அவர்.

"கேட்டதுல தப்பில்ல சார்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சுவரில் தான் கோணலாக மாட்டிய கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப இதையும் நீயே நேராக்கிடு," என்றார்.