பெண்கள் பெஞ்சில் ஓர் ஆண்

டாக்டர் மரகதம் அம்மையார் காலமான செய்தியை, பீங்கான் தொழிற்சாலை வாசலில் நான் சைக்கிளை நிறுத்தும்போது அவருடைய கம்பவுண்டர் வந்து சொன்னார். விருத்தாசலத்தில் பாதிப் பேர் அம்மையாரின் கையில் பிறந்தவர்கள். என் பிள்ளைகள் அதில் இல்லை. அவர்கள் பிறக்கவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவி செல்விக்கு நான்காவது கருவும் கலைந்தது. அவளுடைய ரத்தம், ஜாதகம், தண்ணீர்க் குடம் தூக்கிய விவரம் எல்லாம் ஆராயப்பட்டன. என் பங்குக்கு நான் அம்மையாரின் ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்தேன். என் அம்மா வேப்பூரில் ஒரு பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு வந்தார். இரண்டாம் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது. வேப்பூர் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருந்தும் அந்தச் சட்டம் அங்கே வந்து சேரவில்லை. செல்வி தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

அம்மையார் என்னையும் அம்மாவையும் உள்ளே அழைத்தார்.

“ஃபேக்டரியில என்ன வேலைங்க?”

“வெடிச்ச கோப்பையப் பிரிச்சு எடுக்கறதுங்க.”

“தொடர்ந்து வெடிச்சா எதப் பாப்பீங்க? சூளையவா?”

“மொதல்ல மண்ணுக் கலவையப் பாப்போங்க.”

“இங்க மட்டும் நாலு தடவையும் சூளையவே திட்டுறீங்க. நீங்களும் செல்வியும் மெட்ராஸ் போயி சோதனைக்கு ரத்தம் குடுத்துட்டு வாங்க.”

“எம்புள்ள கல்லாட்டம் இருக்கான்,” என்றார் அம்மா.

“கல்லையும் பாத்துடலாங்க.”

முடிவு வர வாரக்கணக்கானது. அதற்குள் வேப்பூரிலிருந்து இருமுறை ஆட்கள் வந்து கல்யாணத் தேதி கேட்டார்கள். செல்வி அடுக்கிய பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது.

கடிதத்தை அம்மாவுக்கு என்னையே படித்துக்காட்டச் சொன்னார் அம்மையார். குறை என் குரோமோசோம்களில். இரண்டு துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. அதனால் எனக்குக் கேடில்லை, கருவுக்குத்தான்.

“வேப்பூர்ப் பொண்ணக் கட்டுனாலும் இதே நடக்கலாங்க. நல்லபடியா ஒண்ணு தங்கவும் தங்கலாம். ரெண்டுக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, “வேப்பூருக்கு நானே போயி சொல்லிட்டு வரேன்,” என்றார்.

செல்வியின் ஆஸ்பத்திரி அட்டையில் அவள் பெயருக்கு மேலே என் பெயரை எழுதினார் அம்மையார். அட்டைக்காரர் பெண்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதன்பின் ஒவ்வொரு முறையும், கர்ப்பிணிகளின் சிரிப்புக்கு நடுவே நானும் உட்கார்ந்தேன்.

பிறகு இன்னொரு கருவும் கலைந்தது. அன்று செல்வியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

நேற்று அம்மையார் வீட்டில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் செல்விக்குப் பின்னால் நின்றேன். யாரோ என் தோளைத் தொட்டு விலகச் சொன்னார்கள்.

“அவரு இங்கதாங்க நிக்கணும்,” என்றாள் செல்வி.

போய் வாருங்கள், டாக்டரம்மா. நீங்கள் உட்கார வைத்த இடத்திலிருந்தே வணங்குகிறேன்.