ஹபீப் நானா தேடிய பேலன்ஸ் வீல்

வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஹபீப் நானாவின் மகளிடமிருந்து போன் வந்தது. "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றாள். சாவுச் செய்தி காதில் விழுந்தும் "என்னம்மா?" என்று மறுபடி கேட்டேன். முந்திய வாரம்தான் நானாவே கூப்பிட்டு, "சாமான் வந்துருச்சு தம்பி, வாங்க" என்றிருந்தார். "அறுப்பு முடியட்டும் நானா" என்று சொல்லியிருந்தேன்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நானாவின் வாட்ச் ரிப்பேர் கடையில் வாட்ச் கொடுத்தவர்களுக்குத் தெரியும். துபாயிலிருந்து வந்த வாட்சை அவரிடம் காட்டாமல் மாப்பிள்ளை கையில் கட்டமாட்டோம். பின்பக்க மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீலை எடுத்து, டிராயரில் மாதிரிக்கு வைத்திருக்கும் அசல் வீலுக்குப் பக்கத்தில் வைப்பார். அசலின் விளிம்பு வழவழவென்றிருக்கும். நகலில் பிசிறு நிற்கும். "டயலு யாரு வேணா அடிக்கலாங்க. கண்ணுக்குத் தெரியாத எடத்துல எவன் இழைப்பான்?" என்பார்.

துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன், பல வருடம் கட்டிய வாட்சை எனக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். சர்வீஸுக்குக் கொடுத்தேன். பேலன்ஸ் வீலைப் பார்த்ததுமே "டூப்ளிகேட்டுங்க" என்றார் நானா. எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குப் போன் போட்டு, "எனக்குன்னா போலியே போதும்னு நெனச்சியாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அத்தோடு வெள்ளிக்கிழமைதோறும் வரும் அண்ணனின் போன் நின்றுபோனது.

பத்து நாள் கழித்து நானா எங்கள் ஊர் சுரக்குடிக்கே பைக்கில் வந்து நின்றார். கையில் என் வாட்சின் மூடி. பழுது பார்த்தவர்கள் மூடியின் உட்புறத்தில் ஊசியால் அடையாளம் கீறிவைப்பது வழக்கம். அதில் இருந்தது அவருடைய கீறல்.

"ஒரு லீவுல ஒங்க அண்ணன் கீழ போட்டுட்டுக் கொண்டாந்தாங்க. அந்த மாடலுக்கு ஒரிஜினல் வீல் கெடைக்கல. பிளைட்டுக்கு நேரமாச்சேன்னு நான்தான் சொல்லாம டூப்ளிகேட் வீல் போட்டேன். மத்ததெல்லாம் சுத்த ஒரிஜினல். மூடியத் திருப்பிப் பாக்காமயே சொல்லிட்டேன் தம்பி."

என் போனிலேயே அண்ணனைக் கூப்பிட்டார். "வாட்ச் அசலுங்க. போலி என் கையிலேருந்து வந்தது. தம்பி மேல வருத்தப்படாதீங்க." மறுமுனையில் அண்ணன் அழுதது எனக்கும் கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது.

அதற்குப் பிறகு எந்த வாட்சைத் திறந்தாலும் நானா முதலில் மூடியைத்தான் பார்ப்பார். "ஒங்க கையெழுத்து இருக்கா நானா?" என்று கேலி செய்வேன். சிரிக்கமாட்டார். என் வாட்சுக்கான அசல் வீலுக்காக எங்கெங்கோ சொல்லிவைத்திருந்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவர் மகள் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தாள். மேலே நானாவின் எழுத்து: 'சுரக்குடி தம்பி. என் தப்பு. நானே மாட்டணும்.'

"வேற கடையில குடுத்து மாட்டிக்கங்க மாமா" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். மனம் வரவில்லை. அறுப்பைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன என்று என்னையே ஏசிக்கொள்கிறேன். அவரை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். வாட்ச் நாளுக்கு மூன்று நிமிடம் பின்தங்குகிறது. தினமும் காலையில் திருகிச் சரிசெய்து கட்டிக்கொள்கிறேன்.

அறுப்பு முடிஞ்சிருச்சு நானா.