பிரேக்கை விட்டால் மேலே போகும் பெட்டி

லிஃப்டக்கா ஸ்பானரோடு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால், தளர்ந்து கிடக்கும் நட்டுகள் பயந்துபோய்த் தாமே இறுகிக்கொள்ளும் என்பார்கள். அதில் பாதியை நம்பினால் போதும். மிச்சப் பாதி அவளே கிளப்பிவிட்டது.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். பெட்டியின் கூரைமேல் சம்மணம் போட்டுச் சாப்பாட்டை முடிக்கிறவள், நாற்பத்தைந்து வயதில் தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கக் கிளம்பினாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணி, இனிமே இங்கிலீஷ்ல கவிதை சொன்னாத்தான் லிஃப்ட் ஏறுமா?"

"உங்க அண்ணனுக்குத் தமிழ்ல சொன்னாலே மண்டையில ஏறாது. லிஃப்டாவது ஏறட்டும்."

பதினான்கு தாள்களை ஊதித் தள்ளியவளுக்கு ஒரே ஒரு தாள் மட்டும் தண்ணி காட்டியது. முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் கவிஞர்கள். மீமெய்யியல் கவிஞர்கள் என்று பாடப்புத்தகத்தில் பெயர். பொல்லாத ஆட்கள். காதலைப் பாட வந்தவன் நிலவையும் மலரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். வைத்தியரின் கத்தி, வக்கீலின் பத்திரம், நிலம் அளக்கும் சங்கிலி என்று கைக்குக் கிடைத்ததை இழுத்து வருவான். சண்டைக்கு நடுவே கதவைத் திறந்தவன் போல முதல் வரியிலேயே எகிறுவான். பிறகு 'ஆகவே', 'இல்லையென்றால்' என்று வாதாடி, ஒட்டுமில்லாத உறவுமில்லாத இரண்டு பொருளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, கடைசியில் நம்மையே தலையாட்ட வைப்பான்.

லிஃப்டக்காவுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது. அங்கேதான் வினை. ஒரு கவிதையில் ஒருவன் தன் ஏக்கத்தைத் தண்ணீர் இறைக்கும் சங்கிலிக்கு ஒப்பிட்டிருந்தான். 'இந்தச் சங்கிலி இவ்வளவு ஏக்கத்தைத் தாங்காது. கண்ணியின் தடிமனை இரட்டிப்பாக்க வேண்டும்' என்று விடைத்தாளில் எழுதிவிட்டாள். ஃபெயில். மறுமுறை விளங்காமல் போய்விடக் கூடாதே என்று அளவுகளோடு படமும் வரைந்தாள். மறுபடியும் ஃபெயில்.

இப்போது மூன்றாவது தடவை. எழுத்தில் இரண்டு முறை தவறியவர்களுக்கு வாய்மொழித் தேர்வு. இதுதான் கடைசி. இதில் தவறினால் ஐந்து வருடக் கெடு முடிந்து, பாஸான பதினான்கு தாள்களும் சேர்ந்து செல்லாமல் போகும்.

அன்று காலை இஸ்திரி போட்ட உடுப்போடு கல்லூரியின் நான்காம் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் லிஃப்டில் ஏறினார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அது நின்றுபோனது.

கிளார்க் கையைப் பிசைந்தார். "கம்பெனி ஆள் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். சாருக்குப் பன்னிரண்டு மணிக்கு ட்ரெயின். தேர்வு ரத்துதான்க்கா."

"மெஷின் ரூம் சாவி எங்க?"

"நீங்க பரீட்சைக்கு வந்தவங்க."

"பரீட்சை உள்ள மாட்டிட்டு இருக்கே தம்பி. சார் ஆள் எப்படி, குண்டா?"

"காத்தடிச்சா விடைத்தாளோட பறந்துடுவார்."

"அப்போ ரொம்ப வசதி."

மொட்டைமாடி அறைக்குள் போய் முதலில் மெயினை அணைத்தாள். பெட்டிக்குள் பேசும் தொலைபேசியை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"சார், மெக்கானிக் பேசறேன். இப்போ பிரேக்கை விடப் போறேன்."

"ஐயோ வேணாம்மா. விட்டா கீழே விழுந்துடுவேன்."

"மேலே போவீங்க."

"பிரேக்கை விட்டா யாராவது மேலே போவாங்களா?"

"கயிற்றோட அந்தப் பக்கம் ஒரு எதிர் எடை தொங்குது சார். பெட்டியில பாதி கூட்டம் ஏறினாத்தான் ரெண்டும் சமம். நீங்க ஒத்தை ஆள், அதுவும் ஒல்லி. ஆகவே அது இறங்கும். அது இறங்கினா நீங்க ஏறியே ஆகணும். உங்களைப் பிடிச்சு வச்சிருக்கிற பிரேக்தான் உங்களை ஏறவிடாம பண்ணுது."

"விஞ்ஞானம் மாதிரியும் இருக்கு, விதண்டாவாதம் மாதிரியும் இருக்கு."

"உங்க கவிஞர்களும் அப்படித்தானே சார்."

மறுமுனையில் தேர்வாளரின் குரல் சட்டென்று மாறியது. "சங்கிலிக்குத் தடிமன் கணக்குப் போட்டது... நீங்கதானா?"

"ஆமா. ரெண்டாவது தடவை படத்தோட."

"என்னை வெளியே விட்டுடுங்க, பாஸ் போட்டுடறேன்."

"அந்த பாஸ் எனக்கு வேணாம். கேள்வி கேளுங்க. பதில் சொல்லிட்டே ஏத்தறேன்."

தேர்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பயம் போய் வாத்தியார் வந்தார். "அந்தக் கவிஞர்கள் பாணியில, சொந்தமா ஒரு உவமை. கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போகணும். யாரோடதையும் ரிப்பேர் பண்ணக் கூடாது."

அவள் இதற்குத் தயார் பண்ணியிருக்கவில்லை. பிரேக் லீவரில் கை இருந்தது. எதிரே கயிறு தொங்கியது. வீட்டுக்காரர் பஸ் டிரைவர், விடியற்காலை ஷிப்ட். இவளுக்கு மதிய ஷிப்ட். மூன்று மாடி ஏறும் வீட்டில், நடுப்படியில் ஒருவர் ஏற ஒருவர் இறங்க, சாவி கைமாறும்.

"யாரைப் பார்த்துச் சேர்ந்து வாழலைன்னு சொல்றீங்க?" என்று எகிறினாள்.

"நானா? நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"முதல் வரி சார், இது. கேளுங்க. நானும் அவரும் ஒரே கயிற்றோட ரெண்டு முனை. நான் ஏறினா அவர் இறங்குவார். நாளுக்கு ஒரு தடவை, நடுவழியில, அரை நிமிஷம் முகம் பார்ப்போம். இது ஒரு குடும்பமான்னு ஊர் சிரிக்குது. ரெண்டு பேரும் ஒரே முனையில தொங்கினா, பாசமா விழுவோம், ஆனா விழுவோம். அவர் கனம் என்னை ஏத்துது, என் கனம் அவரை ஏத்துது. ஆகவே எங்களுக்கு நடுவுல இருக்கிறது பிரிவு இல்லை சார், கயிறு. அது எவ்வளவு நீளமோ, அவ்வளவு உயரத்துக்கு நாங்க போவோம்."

பேசியபடியே லீவரை விட்டு விட்டுப் பிடித்தாள். கயிற்றிலிருந்த மஞ்சள் பெயின்ட் அடையாளம் நகர்ந்து வந்து, மாடி மட்டத்தைக் காட்டும் கோட்டில் நின்றது.

"நாலாம் மாடி வந்தாச்சு சார்."

"எப்போ? நான் கவனிக்கவே இல்லையே."

கீழே வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். தேர்வாளர் சட்டையைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். மதிப்பெண் தாளைச் சுவரில் வைத்தே எழுதினார்: தொண்ணூற்றிரண்டு.

"எட்டு எங்க சார் போச்சு?"

"பிரேக்கை விடப் போறேன்னு என்னைப் பயமுறுத்தினீங்களே, அதுக்கு. மத்தபடி, இந்தக் கயிறு தாங்கும்மா."

அன்று மதிய ஷிப்டுக்கு லீவு. வீட்டு வாசலிலேயே பஸ்காரரைப் பிடித்துவிட்டாள். பின்னால் நாத்தனாரும் நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"உங்க கனத்துல பாஸாயிட்டேன்."

அவர் தன் தொந்தியைத் தடவிக்கொண்டார். "அதனாலதான் இதைக் குறைக்காம வச்சிருக்கேன்."

"அண்ணி, இப்பவாவது எங்க அண்ணன் மண்டையில ஏறுமா?" என்றாள் நாத்தனார். அவள் குரலில் கேலியைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

லிஃப்டக்கா வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். வருடக்கணக்கில் ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்கிய படிக்கட்டு, அன்றைக்கு இரண்டு கனத்தையும் ஒரே பக்கம் சுமந்து மூன்று மாடிக்கும் ஏற்றியது.